பிரம்புக்கு முன்னால் ஒரு நோட்டு

(உலக ஆட்டிசம் விழிப்புணர்வு நாளையொட்டி, பெற்றோர் - ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

விழாத் தலைவர் அவர்களே, அலுவலக வேலைகளுக்கு நடுவே நேரம் ஒதுக்கி வந்திருக்கும் வட்டாரக் கல்வி அலுவலர் அவர்களே, வாடகை வாங்காமல் மண்டபம் தந்த வணிகர் சங்கப் பெரியவர்களே, தலைமையாசிரியப் பெருமக்களே, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம்.

சட்டம், வகுப்பறை, நம் கோரிக்கை என்று மூன்றைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில், அடிப்பதையும் மனத்தை வதைப்பதையும் தடை செய்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைக் குறைபாடுகளில், பிறரோடு பேசிப் பழகுவதிலும் சத்தம், வெளிச்சம் போன்றவற்றை உணர்வதிலும் வேறுபாடு காட்டும் மூளை வளர்ச்சி நிலையான ஆட்டிசமும் ஒன்று. அங்கீகாரம் பெற்ற எந்தப் பள்ளியும் பாகுபாடின்றிச் சேர்க்க வேண்டும் என்கிறது அதன் 16ஆம் பிரிவு. "டி.சி. வாங்கிக்கோங்க", "மத்தியானத்தோடு கூட்டிட்டுப் போயிடுங்க" என்பதெல்லாம் பிரம்பு எடுக்காமல் தரும் தண்டனைதான்.

இனி வகுப்பறை. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்றார்கள். எப்படி விசாரிப்பது?

மூன்றாம் வகுப்பில் ஆட்டிசம் உள்ள பையன் ஒருவன். டீச்சர் கையைக் கடித்துவிட்டான். முட்டி போட வைத்தார்கள், வெளியே நிறுத்தினார்கள். கடி நிற்கவில்லை, கூடியது. ஏன் கூடியது? கடித்தால் வெளியே போகலாம் என்று அவனுக்கு நாமே கற்றுக்கொடுத்துவிட்டோம். பிறகுதான் சிறப்புப் பயிற்றுநர் ஒரு நாற்பது பக்க நோட்டில் கோடு போட்டார். தேதி, மணி, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், பிறகு நாம் என்ன செய்தோம் என்று ஐந்து கட்டங்கள். "சேட்டை செய்தான்" என்று எழுதக் கூடாது. "காதைப் பொத்தினான், வாசலுக்கு ஓடினான், தடுத்த கையைக் கடித்தான்" என்றே எழுத வேண்டும். இரண்டு வாரத்தில் நோட்டே பதில் சொன்னது. அத்தனை கடியும் இடைவேளை மணிக்கு ஒட்டியே. அவன் உட்கார்ந்த ஜன்னலுக்கு வெளியேதான் மணியாக அடிக்கும் அந்தத் தண்டவாளத் துண்டு தொங்கியது! பையனை எதிர்ச் சுவர்ப் பக்கம் மாற்றினார்கள். மணிக்கு இரண்டு நிமிடம் முன்பு மணிப் படம் போட்ட அட்டையைக் காட்டி, காதுமூடியைக் கையில் கொடுத்தார்கள். கடி படிப்படியாகக் குறைந்தது. தீர விசாரித்ததன் பலன் அது.

அடம் வேறு, தாங்க முடியாமல் உடைந்துபோவது வேறு. அடம் பிடிக்கும் பிள்ளை, யார் பார்க்கிறார்கள் என்று பார்க்கும்; கேட்டதைக் கொடுத்தால் பெரும்பாலும் அடங்கும். உடைந்துபோன பிள்ளைக்கு எதைக் கொடுத்தாலும் உடனே அடங்காது. அந்த நேரத்தில் மற்ற பிள்ளைகளை நகர்த்துங்கள், மின்விசிறியின் சத்தம் தொந்தரவாக இருந்தால் அணையுங்கள், பேச்சைக் குறையுங்கள். தன்னையோ பிறரையோ காயப்படுத்தும் ஆபத்து இல்லாதபோது கையைப் பிடித்து அமுக்காதீர்கள். "என் கண்ணைப் பார்த்துப் பேசு" என்று கட்டாயப்படுத்தாதீர்கள். கட்டளையை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். சொன்னபின் பத்து வினாடி பொறுங்கள். பதில் வருமுன் மறுபடி சொன்னால் அவன் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். பென்சில் பிடிக்கவே விரல் ஒத்துழைக்காத பிள்ளைக்கு நூறு தடவை இம்போசிஷன் கொடுப்பது வதையன்றி வேறல்ல.

இந்த நோட்டை யார் எழுதுவது? நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு வகுப்பு ஆசிரியர் ஒருவரே எழுத முடியாது. நம் கோரிக்கை இங்கேதான் வருகிறது. தொடக்கப் பள்ளியில் சிறப்புத் தேவையுள்ள 10 பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பு ஆசிரியர், அதற்கு மேற்பட்ட வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்று உச்ச நீதிமன்றம் 2021இல் சொல்லிவிட்டது. பல பள்ளிகளை ஒருவரே சுற்றி வரும் நிலையில் தீர விசாரிக்க நேரம் ஏது? வட்டாரக் கல்வி அலுவலர் அவர்கள் இதை மேலிடத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

பெற்றோரே, அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இரண்டு தீர்மானம் வையுங்கள். நிரந்தரச் சிறப்பு ஆசிரியர் வேண்டும். எந்த நடவடிக்கைக்கும் முன் இரண்டு வாரப் பதிவு வேண்டும், அதன் நகல் பெற்றோருக்கும் வேண்டும். மனுவின் படிகள் வாசல் மேசையில் இருக்கின்றன. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.