தாழ்ப்பாள் உள்ளே இருக்கிறது

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். சிறு விடுதிக்குப் பெருமை உபசரிப்பாலா, வரம்பாலா என்றால், வரம்பால்தான் என்பது எங்கள் அணியின் கட்சி.

எனக்கு முன் பேசிய எதிரணித் தோழர், "சுவரெல்லாம் விதிப்பலகை மாட்டுகிறவர் விடுதி எதற்கு நடத்த வேண்டும்? நம் வேலூர் தொரப்பாடியில் மத்திய சிறை இருக்கிறதே, அங்கே வேலைக்குப் போகலாமே!" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். அந்தக் கைதட்டலுக்குப் பதில் சொல்லாமல் நான் நகர மாட்டேன்.

காந்தி சாலையை ஒட்டிய சந்தில் என் தந்தையார் எட்டு அறை விடுதி ஒன்றை நடத்தினார். 1900ஆம் ஆண்டில் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய மருத்துவமனை சி.எம்.சி. என்னும் கிறித்துவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்து நிற்கும் ஊர் இது. வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து காட்பாடி ரயில் நிலையத்தில் இறங்குகிறவர்கள், அடுப்பும் அரிசியுமாக, நோயாளியை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் இங்கே குடும்பம் நடத்துகிறார்கள்.

அப்படி ஒரு வங்காளத்து அம்மையார், கணவரின் சிகிச்சைக்காக வந்து மூன்றாம் எண் அறையில் தங்கினார். மருத்துவமனையில் காத்திருந்துவிட்டு இரவு பதினொரு மணிக்குத்தான் சமைப்பார். "பாவம், சமைக்கட்டும்" என்று அப்பா விட்டுவிட்டார். எதிரணி மெச்சும் உபசரிப்பு அதுதான். ஒருநாள் விடியற்காலை நான்கு மணிக்குத் தண்ணீர் பிடிக்க எழுந்த அப்பா, நான்காம் எண் அறைப் பெரியவர் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பதைக் கண்டார். மூக்கை மூடி ஈரத்துண்டு. பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளி. புற்றுநோய்க்குக் கீமோ மருந்து ஏற்றிய உடம்பு கடுகு எண்ணெயில் மீன் பொரியும் வாசனையைத் தாங்கவில்லை. யாரையும் குறை சொல்ல மனமில்லாமல், இரவெல்லாம் அங்கேயே வாந்தி எடுத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அந்தப் படிக்கட்டை மறுபடியும் நினைத்துப் பாருங்கள், ஐயா. ஓர் அறைக்குக் காட்டிய தாராளம், அடுத்த அறைக்காரரை வாளியோடு வெளியே உட்கார வைத்தது. வாடகை கொடுத்துவிட்டுப் படியில் இரவைக் கழித்தவருக்கு எந்த உபசரிப்பு மிஞ்சியது?

மறுநாளே பலகை வந்தது: "இரவு 8 மணிக்கு மேல் அடுப்பு எரியக் கூடாது." அந்தப் பலகையைத்தான் தோழர் சிறை என்கிறார். சிறையில் பூட்டு வெளியே தொங்கும். எங்கள் அறையில் தாழ்ப்பாள் உள்ளே இருக்கிறது. அடையாள அட்டை கேட்பதும், வெளிநாட்டவர் வந்தால் 24 மணி நேரத்துக்குள் அதிகாரிகளுக்குத் தகவல் அனுப்புவதும் சட்டம். அதில் வாதமே இல்லை. ஆனால் அடுப்புக்கு நேரம் குறித்தது எந்தச் சட்டமும் அல்ல, அந்த ஈரத்துண்டு.

பலகையைத் தமிழிலும் இந்தியிலும் எழுதிவிட்ட அப்பாவுக்கு வங்காளம் தெரியாது. விவரம் அறிந்து, தூரிகையை வாங்கி மூன்றாவது வரியை எழுதியவர் அந்த அம்மையாரேதான். அன்று முதல் மாலை ஆறு மணிக்கே உலை வைத்தார்; குழைய வடித்த சோற்றில் ஒரு கிண்ணம் நான்காம் எண் அறைக்கும் போனது.

இரண்டு மாதம் கழித்து அவர் தனியாகத்தான் ஊர் திரும்பினார். போகும்போது அடுப்பைத் துடைத்து வைத்து, சாவியை அப்பா கையில் கொடுத்து, ஒன்றும் பேசாமல் படியிறங்கினார். அந்தப் பலகை இன்றும் இருக்கிறது. வண்ணம் மங்கும்போதெல்லாம், வங்காளம் படிக்கத் தெரியாத நாங்கள், அவர் எழுதிய வளைவுகளின் மேலேயே தூரிகையை ஓட்டுகிறோம்.