கேட் பெயின்டுக்குள் ஒளிந்திருந்த காரவெல்

முதலில் இந்த ஜன்னலைப் பாருங்கள். கேமராவை இன்னும் கிட்டே கொண்டு வருகிறேன். தெரிகிறதா? முக்கோணம்! மூலை மழுங்கிய முக்கோணம். காரவெல் மக்களே, காரவெல்! பழைய பிரெஞ்சு ஜெட் பயணிகள் விமானம், அதன் மாடல்தான் இது. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை.

சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு பழைய பொருள் கடையில், குத்துவிளக்குகளுக்கு நடுவே கிடந்தது. உடம்பு முழுக்க கேட்டுக்கு அடிக்கிற வெள்ளி பெயின்ட். 900 ரூபாய் என்றார். நான் 300 என்றேன். "கண்ணு, எடைக்குப் போட்டாலே அதுக்கு மேல வரும்" என்கிறார். வரவே வராது! அலுமினிய வார்ப்பு, முக்கால் கிலோகூடத் தேறாது. 800, 700 என்று இறங்கி 550இல் நின்றுவிட்டார். வாசல்வரை போய்த் திரும்பி வந்தேன். எதிர்க்கடையில் ஒரு டீ குடித்துவிட்டு மறுபடி போனேன். 480! ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினால் சில்லறை இல்லையாம், 20 ரூபாய்க்கு ஒரு பித்தளைத் திருகாணி கொடுத்தார். இதோ, ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறதே, அதுதான்.

சொல்ல மறந்துவிட்டேன், வலது இன்ஜின் இல்லை. அதைக் காட்டித்தான் கடைசி 70 ரூபாயைக் குறைத்தேன்.

பெயின்ட் மண்ணெண்ணெய்க்கு அசையவில்லை. தின்னர், பழைய டூத் பிரஷ், இரண்டு இரவு. வார்ப்பில் குழித்த முதல் ஜன்னல் தெரிந்தபோது அம்மாவை எழுப்பிக் காட்டினேன். மணி ஒன்றரை.

அந்த ஜன்னலில் அப்படி என்ன? மேலே குறுகல், கீழே அகலம். ஜன்னல் சிறியதாக இருந்தால் விமானத்தின் உடம்புக்கு வலு. ஆனாலும் உட்கார்ந்திருப்பவருக்குக் கீழே இருக்கிற ஊர் நன்றாகத் தெரிய வேண்டும். இரண்டுக்கும் சேர்த்துப் பிரெஞ்சுக்காரர்கள் கண்டுபிடித்த வடிவம் இது. மூக்கு மட்டும் காமெட் என்ற பிரிட்டிஷ் ஜெட் விமானத்தினுடையது. இன்ஜின்களை வாலருகே கொண்டுபோனதால் முன்னால் உட்கார்ந்தவர்களுக்குச் சத்தம் குறைவு. முதலில் பறந்தது 1955 மே 27. நம் இந்தியன் ஏர்லைன்ஸ் 1964இல் ஓட்ட ஆரம்பித்தது. ஆரம்ப கால காரவெல் தரையிறங்கியதும் வாலிலிருந்து பாராசூட் விரித்து வேகத்தைக் குறைக்கும். பயணிகள் விமானம், பாராசூட்! எனக்கு இதைவிட அழகான காட்சி கிடையாது.

இப்போது வருகிற 737, ஏ320 விமானங்கள் எல்லாம் ஒரே தட்டில் வெந்த இட்லி. தூரத்தில் பார்த்தால் எது எது என்று சொல்ல முடிவதில்லை, எனக்குக் கோபமே வருகிறது. நம் சேலம் விமான நிலையம் இருக்கிற கமலாபுரத்தில் இறங்குகிற ஏடிஆர் விமானத்துக்காவது இறக்கை மேலே, புரொப்பெல்லர் என்று ஒரு முகம் இருக்கிறது. போன மாதம் கான்பூரில் கட்டிய அவ்ரோ விமானத்தைப் பற்றிப் பேசினேனே, அதன் டார்ட் இன்ஜின் ஊளையைக் கேட்டுத் திட்டியவர்கள் நிறையப் பேர். கண்ணை மூடிக்கொண்டு அது அவ்ரோதான் என்று சொல்லலாம். அதுதானே வேண்டும்?

சரி, நேற்று இதை ஏற்காட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கே லேடீஸ் சீட் என்கிற காட்சி முனையில் வைத்து, பின்னால் சேலம் முழுக்கத் தெரிகிற மாதிரி எடுக்கலாம் என்று திட்டம். 20 கொண்டை ஊசி வளைவிலும் வண்டியின் முன்னால் துண்டில் சுற்றி, குழந்தையை வைத்திருக்கிற மாதிரி வைத்துக்கொண்டு போனேன். மேலே போனால் மூடுபனி. இரண்டு மணி நேரம், இரண்டு தட்டு மிளகாய் பஜ்ஜி, ஊர் தெரியவே இல்லை. ஆனால் பனியில் மூக்கு மட்டும் நீட்டிக்கொண்டு நிற்கிற இந்தப் படம் கிடைத்தது. பாருங்கள், மேகத்துக்குள் பறக்கிறது!

அப்புறம் அந்த வலது இன்ஜின். லேத் பட்டறைக்காரர் அலுமினியத்தில் கடைந்து தருகிறேன் என்றார், 150 ரூபாய். அளவுக்கு இடது இன்ஜினைக் கழற்றிக் கொண்டு வா என்கிறார். கழற்றமாட்டேன். செவ்வாய்க்கிழமை விமானத்தையே கொண்டு போகிறேன், கேமராவும் வரும்.