விரலை வைத்துத் தேளை அளப்பது

நேயர்களுக்கு வணக்கம். நட்டுவாக்காலியைப் பார்த்திருப்பீர்கள், கல்லைப் புரட்டினால் இடுக்கியை விரித்துக்கொண்டு நிற்குமே, அந்தக் கருந்தேள். இன்றைய பெருந்தேள்களில் அதுவும் ஒன்று. ஸ்காட்லாந்தில், ஏறக்குறைய 33 கோடி ஆண்டுகளுக்கு முன், 70 செ.மீ. நீளத் தேள் இருந்தது. பெயர் புல்மோனோஸ்கார்ப்பியஸ்.

அது கிடைத்த கதை கொஞ்சம் வேடிக்கையானது. ஸ்டான் வுட் என்ற புதைபடிவச் சேகரிப்பாளர் 1984இல் பாத்கேட் ஊரில் கால்பந்து ஆட்டத்துக்கு நடுவராகப் போனாராம். கண் பந்தில் இருக்க வேண்டாமோ? ஓரத்துக் கற்சுவரில் போயிருக்கிறது. சுவர்க்கல்லில் புதைபடிவம்! கல் எங்கே வெட்டியது என்று விசாரித்து, ஈஸ்ட் கிர்க்டன் என்ற பழைய சுண்ணாம்புக்கல் குவாரியைக் குத்தகைக்கே எடுத்துவிட்டார். தேளும் அங்கேதான் கிடைத்தது. 1994இல் ஆண்ட்ரூ ஜெரம் அதை விவரித்துப் பெயரிட்டார்.

அந்தக் கல்லை அமிலத்தில் கரைத்தால் தேளின் மேலோடு மட்டும் கரையாமல் மெல்லிய தகடாக மிஞ்சும். அதில் புத்தக நுரையீரல் தெரிந்தது, ஏடு ஏடாக. செவுள் அல்ல, நுரையீரல். ஆகவே அது காற்றைச் சுவாசித்த தரைவாசி. 70 செ.மீ.யை விட எனக்கு இதுதான் பெரிய செய்தி.

ஏனென்றால் நீளம் ஒரு கணக்குத்தான். முழு உடலாகக் கிடைத்தவை சிறியவை, பெரியவை துண்டுகள். இங்கிலாந்தில் கிடைத்த இன்னொரு பழந்தேளான பிரான்டோஸ்கார்ப்பியோவுக்கு 94 செ.மீ. என்கிறார்கள். கையில் இருப்பதோ இடுக்கியின் ஒரே ஒரு விரல், 10 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு! விரலுக்கு உடல் எத்தனை மடங்கு என்று வேறு தேளில் பார்த்துப் பெருக்குகிறார்கள். எந்தத் தேளில்? அங்கேதான் சிக்கல். நட்டுவாக்காலிக்கு இடுக்கி பருமன், செந்தேளுக்கு ஒல்லி. எந்த விகிதத்தைப் போடுகிறோமோ, அதற்கேற்ப உடல் நீளமும் மாறிவிடும். திரும்பவும் சொல்கிறேன்: நீளம் சொன்னால், எந்தத் துண்டிலிருந்து என்று கேளுங்கள்.

அன்றைய காற்றில் ஆக்சிஜன் மிகுதியாக இருந்ததால்தான் இந்தத் தேள்கள் பெருத்தன என்று சொல்வார்கள்; அதுவும் அரைகுறை விளக்கம். பிரான்டோஸ்கார்ப்பியோ வாழ்ந்தது, காற்றில் ஆக்சிஜன் உச்சத்தைத் தொட்டதற்குப் பல கோடி ஆண்டுகளுக்கு முன்பு.

நேரமாகிவிட்டது என்று சைகை வருகிறது. கடல்தேளை ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன்: ஜெர்மனியில் கிடைத்த 46 செ.மீ. இடுக்கியை வைத்து, 2007இல் உடல் இரண்டரை மீட்டர் என்று மதிப்பிட்டார்கள். அது தேளே அல்ல, உறவுக்காரன். வணக்கம்.