சபையின் சாவி யார் கையில்?

நடுவர் ஐயா அவர்களே, எதிரே உட்கார்ந்து என்னை முறைத்துக்கொண்டிருக்கும் எதிரணி அண்ணன்மாரே, என் அணிச் சகோதரிகளே, சாப்பாட்டுக் கூடத்திலிருந்து வரும் வாசனையையும் மீறி இங்கே காது கொடுக்கும் பெரியவர்களே, எல்லாருக்கும் வணக்கம்.

இன்றைய தலைப்பு, 'சிறுநகரத்து மெதடிஸ்ட் சபையை இத்தனை காலம் நிலைநிறுத்தியவர்கள் போதகர்களா, சபை மக்களா?' மெதடிஸ்ட் என்றால், இங்கிலாந்தில் ஜான் வெஸ்லி என்ற போதகர் தொடங்கிய கிறிஸ்தவ சபை வழி. நான் சபை மக்கள் பக்கம். இந்த மண்டபத்தில் பாதிப் பேர் தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறவர்கள், இந்தத் தலைப்பு நமக்கெதற்கு என்று நினைக்கலாம். தென்னாப்பிரிக்காவில் நம் நேட்டால் வடகரையில் அண்ணன் கோயில் கமிட்டியிலும் தம்பி சபைக் கமிட்டியிலும் இருக்கும் வீடுகளைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். இது உங்கள் குடும்பச் சண்டையும்தான்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன், ரால்ஃப் ஸ்டாட் என்ற மிஷனரியின் பெயரை மூச்சுக்கு மூச்சு சொன்னார். 1862-இல் அவர் இங்கே வந்து ஊழியத்தைத் தொடங்கியிராவிட்டால் நேட்டாலில் தமிழ் மெதடிஸ்ட் சபையே கிடையாது என்றார். ஸ்டாட் பெரிய மனிதர்தான், யார் இல்லை என்றது? தோட்டம் தோட்டமாக அலைந்தார், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைத்தார், அவர் மகன் சைமன் ஹார்னர் ஸ்டாட்டும் அதே ஊழியத்துக்கு வந்தார். ஆனால் தேதியைப் பாருங்கள் நடுவர் ஐயா. தோட்ட வேலைக்கு ஒப்பந்தம் போட்டு வந்த நம்மவர்களை ஏற்றிக்கொண்டு மதராஸிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் 342 பேரோடு டர்பன் வந்து சேர்ந்தது 1860 நவம்பர் 16. அந்தக் காலத்துக் கப்பல் பட்டியல்களில் சாதி எழுதும் கட்டத்தில் 'கிறிஸ்தவர்' என்று எழுதப்பட்டவர்களும் உண்டு. ஐந்து வருஷ ஒப்பந்தம், ஆரம்பத்தில் மாதம் 10 ஷில்லிங் கூலி, பேரக்ஸ் என்ற கூலி லயத்தில் ஒரே அறையில் நெருக்கியடித்துத் தூக்கம். ஸ்டாட் ஐயா வரும்வரை அவர்கள் ஜெபத்தை மூட்டைகட்டி வைத்திருந்தார்களா? அப்புறம் இன்னொன்று. ஸ்டாட்டுக்குத் தமிழ் எங்கே கிடைத்தது? அதற்கு முன்னால் மட்டக்களப்பில் ஊழியம் செய்தபோது அங்கத்துச் சனங்களிடம் கற்றது. தமிழ் தெரிந்த போதகர் என்று அண்ணன் பெருமைப்பட்டாரே, அந்தத் தமிழே சபையார் கொடுத்தது!

இன்னும் கொஞ்சம் பின்னால் போவோம். இந்தத் தென்னாப்பிரிக்காவுக்கு மெதடிஸ்ட் வழி வந்ததே போதகரால் இல்லை. 1806-இல் கேப்புக்கு வந்த பிரிட்டிஷ் படையிலிருந்த சிப்பாய்கள் தாங்களாகவே கூடி ஜெபித்தார்கள். ஜார்ஜ் மிடில்மிஸ் என்ற சிப்பாய்தான் அவர்களை நடத்தினார். பார்னபஸ் ஷா என்ற மிஷனரி வந்தது 1816-இல். பத்து வருஷம் பட்டாளத்துக்காரன் கையில்தான் சபை இருந்தது. நம் பக்கத்து வெருலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1850-இல் இங்கிலாந்திலிருந்து நிலம் தேடி வந்த மெதடிஸ்ட் குடும்பங்கள் உண்டாக்கிய ஊர். அவர்களை அனுப்பிய குடியேற்றச் சங்கத்துக்குப் புரவலர் வெருலம் பிரபு, அதனால் அந்தப் பெயர். இன்றைக்கு அந்த ஊர்த் தெருவில் நடந்தால் நாயுடு, கோவிந்தர், பிள்ளை, மூட்லி என்றுதான் பெயர்ப்பலகை. வந்தவர்கள் மாறினார்கள், தோல் நிறம் மாறியது, போதகர்கள் எத்தனையோ பேர் மாறினார்கள். ஊருக்குள் ஞாயிற்றுக்கிழமை கூடுகிற வழக்கம் மட்டும் மாறவில்லை.

சரி, வெஸ்லியைக் கேட்போம். எதிரணிக்கு அவர்தானே மூல போதகர்? 1742-இல் பிரிஸ்டல் ஊரில் கூடுகை மண்டபம் கட்டிய கடன் கழுத்தை நெரித்தது. ஃபோய் என்ற ஒரு கேப்டன் எழுந்து, ஆளுக்கு வாரம் ஒரு பென்னி போடுவோம் என்றார். ஏழைகளால் முடியாதே என்றார்கள். பதினொரு பேரை என்னிடம் விடுங்கள், போய் வாங்குகிறேன், கொடுக்க முடியாதவர்களுக்கு நானே போடுகிறேன் என்றார். பென்னி வாங்க வீடு வீடாகப் போனவர்கள், அந்த வீடுகளில் யார் குடித்துவிட்டுக் கிடக்கிறார், யாருக்குக் காய்ச்சல் என்பதையும் பார்த்தார்கள். மெதடிஸ்ட் சபையின் முதுகெலும்பாக ஆன வகுப்புக் கூட்டம், அதாவது ஒரு தலைவரின் கீழ் கூடும் சபையாரின் சிறு குழு, இப்படிப் பிறந்தது. கடன் வசூலில்! நம் ஊர்ச் சீட்டுக்காரம்மா கதைதான் இது.

தாமஸ் மேக்ஸ்ஃபீல்ட் கதையும் உண்டு. குருப்பட்டம் பெறாத அந்த இளைஞர் பிரசங்கம் செய்கிறார் என்று கேள்விப்பட்டு, நிறுத்துவதற்காக வெஸ்லி லண்டனுக்கு ஓடி வந்தார். வாசலில் பிடித்துக்கொண்டவர் அவருடைய அம்மா சுசன்னா. முதலில் அந்தப் பையன் பேசுவதைக் கேள், உன்னைப்போலவே அவனையும் ஆண்டவர் அழைத்திருக்கிறார் என்றாராம். நடுவர் ஐயா, வெஸ்லியின் அம்மாவே எங்கள் அணி.

அண்ணன் இன்னொரு பெயரும் சொன்னார், செத் மோகிடிமி. நிறவெறி உச்சத்தில் இருந்த 1963-இல் மெதடிஸ்ட் மாநாடு ஒரு கறுப்பரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது எனக்கும் பெருமைதான். ஆனால் அது மாநாட்டுக் கதை. தலைப்பில் 'சிறுநகரம்' என்று இருக்கிறது. எந்த இனத்தார் எந்தப் பகுதியில் குடியிருக்கலாம் என்று பிரித்த குழுப் பகுதிச் சட்டம் 1950-இல் வந்தது. திருச்சபை ஒன்றே, பிரிக்கப்படாதது என்று 1958 மாநாடு அறிக்கை விட்டது, ரொம்ப நல்லது. அறிக்கையால் லாரி நின்றதா? வீட்டை விட்டுக் கிளப்பி எத்தனையோ குடும்பங்களை டர்பனை ஒட்டி இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சட்ஸ்வொர்த்திலும், பிறகு ஃபீனிக்ஸிலும் கொண்டுபோய் இறக்கினார்கள். புதுத் தெருவில் கோயிலும் இல்லை, தேவாலயமும் இல்லை. யாரோ ஒரு அம்மா முன்னறையில் சோபாவைச் சுவரோரம் தள்ளி, பக்கத்து வீட்டு நாற்காலிகளையும் வாங்கிப் போட்டார். அந்தக் குடியிருப்புகளில் பல சபைகளுக்கு அதுதான் அஸ்திவாரம். போதகருக்கு விலாசம் பிறகுதான் கிடைத்தது.

பெண்களைப் பற்றி எதிரணியில் யாரும் வாயே திறக்கவில்லை. கறுப்பு மெதடிஸ்ட் பெண்களின் மன்யானோ என்ற ஜெபச் சங்கத்தை வியாழக்கிழமை பார்த்திருப்பீர்கள். சிவப்புச் சட்டை, வெள்ளைக் காலர், கறுப்புப் பாவாடை. வீட்டு வேலை செய்த பெண்களுக்கு அந்தக் காலத்தில் விடுமுறை கிடைத்த நாள் அது, அதனால் வியாழக்கிழமை. ஜெபத்தையும் பிரசங்கத்தையும் அவர்களே நடத்துவார்கள். எங்கள் மாதர் சங்கத்துக்குச் சீருடை கிடையாது, தேக்சா என்ற பெரிய சமையல் அண்டா உண்டு. வெள்ளிக்கிழமை ராத்திரி ஆலயத்துக்குப் பின்னால் வந்து பாருங்கள். வாடகைக்கு எடுத்த காஸ் அடுப்பு, மசூர் பருப்பு ஊறிக்கொண்டிருக்கும், ஒருத்தி உருளைக்கிழங்கைப் பொரித்தெடுப்பாள், உப்பு கூடவா குறைவா என்று ரெண்டு பெரியம்மாக்களுக்குள் சண்டை நடக்கும். சனிக்கிழமை காலை பிரியாணியை டப்பாவில் அடைத்து, பருப்பும் சவர்மில்க் என்ற புளித்த பாலும் தனியாகக் கட்டி, சீட்டு வாங்கியவர் கையில் கொடுத்தாக வேண்டும். போதகர் வந்து ஜெபம் செய்வார், ஒரு டப்பா வாங்கிக்கொண்டு போவார். தங்கமான மனிதர். எங்கள் கூரைத் தகரம் மாறியது அந்தத் தேக்சாக் காசில்.

உடனே அண்ணன் கேட்பார், தோட்ட முதலாளியும் சபையார்தானே என்று. ஆமாம். கியர்ஸ்னியில் தேயிலைத் தோட்டம் வைத்திருந்த லீஜ் ஹூலெட் மெதடிஸ்ட் பிரசங்கியார், அதாவது பிரசங்கம் செய்யும் சபையார், போதகர் அல்ல. அவர் தோட்டத்தில் கொழுந்து கிள்ளியது நம் ஒப்பந்தச் சனங்கள். பிரசங்க பீடத்தில் நின்றவரும் சம்பளம் போட்டவரும் ஒரே ஆள். அந்த ஆராதனையில் 'ஆமென்' எவ்வளவு சுதந்திரமாக வந்திருக்கும் என்று எனக்கும் யோசனை உண்டு. சபையார் எல்லாரும் பரிசுத்தவான்கள் என்று சொல்ல நான் வரவில்லை. நிலைநிறுத்தியது யார் என்பதுதான் கேள்வி.

திருவிருந்துக்கும் போதகர் வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். மற்ற ஞாயிறுகளுக்கு? மெதடிஸ்ட் போதகர் ஓர் ஊருக்குச் சொந்தமில்லை, பல சபைகள் சேர்ந்த சேகரத்துக்குச் சொந்தம். ஒரே சபையில் மூன்று வருஷத்துக்கு மேல் ஒருவரை வைக்கக்கூடாது என்று 1784-லேயே வெஸ்லி பத்திரம் எழுதிவைத்துவிட்டார். இப்போது கொஞ்சம் நீட்டிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். போதகர் நம் வீட்டுப் பிள்ளைகளின் பெயரைச் சரியாகச் சொல்லப் பழகும்போது மாற்றல் கடிதம் வந்துவிடும். சாவி யாரிடம் இருக்கிறது? எங்கள் சபையில் பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற ஒரு தாத்தாவிடம். மழை பெய்தால் எந்த ஜன்னலுக்குக் கீழே துணி போடவேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

தமிழையும் அப்படித்தான் காப்பாற்றினார்கள். என் ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, கீர்த்தனைகள் முழுக்க மனப்பாடம். அவர் பாடப்பாட அத்தை ஒரு பள்ளிக்கூட நோட்டில் இங்கிலீஷ் எழுத்தில் எழுதிவைத்தார். ழகரத்துக்கு என்ன எழுதுவதென்று தெரியாமல் பக்கத்துக்கு ஒருவிதமாக எழுதியிருக்கிறார். அந்த நோட்டின் நகலை வைத்துத்தான் கிறிஸ்துமஸுக்கு எங்கள் வாலிபர்கள் தமிழில் பாடுகிறார்கள். எங்களுக்கு வந்த கடைசி சில போதகர்களுக்குத் தமிழில் 'ஸ்தோத்திரம்' தாண்டி ஒரு வார்த்தை வராது. தப்பில்லை, அவர்கள் வேறு ஊர்ப் பிள்ளைகள்.

மணி அடித்துவிட்டார்கள், முடிக்கிறேன். வரும் மூன்று மாதத்துக்கான பிரசங்க அட்டவணை ஆலய வாசலில் ஒட்டியிருக்கிறது. இங்கே வரும் வழியில் பார்த்தேன். வருகிற ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு நேரே போதகர் பெயர் இல்லை. போதகர்களுக்காக இன்றைக்குத் தொண்டை வறளப் பேசிய நம் எதிரணித் தலைவர் பெயர்தான் இருக்கிறது. அண்ணன் வங்கியில் வேலை பார்க்கிறார், குருப்பட்டம் பெற்ற போதகர் இல்லை. அண்ணே, தாமதமாக வந்துவிடாதீர்கள், தாத்தா எட்டரைக்கே கதவைத் திறந்துவிடுவார். நன்றி, வணக்கம்.