நின்றால் ஏறும் முள்

வேலூர் வட்டார நேயர்களுக்கு வணக்கம். சத்துவாச்சாரி பக்கம் இருபது வருஷத்துக்கு மேலாக ஆட்டோ எலக்ட்ரீஷியன் கடை வைத்திருக்கிறேன். பத்து நிமிஷம் வந்து பேசுங்கள் என்று கூப்பிட்டார்கள். கையில் ஸ்பேனர் இல்லாமல் பேசிப் பழக்கமில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வருஷம் கத்திரியில் ஒரு மதியம். ஆம்பூரிலிருந்து காட்பாடிக்கு ரயில் பிடிக்க வந்துகொண்டிருந்த ஒரு குடும்பம், கிரீன் சர்க்கிளில் மாட்டிக்கொண்டது. வண்டி ஓட்டி வந்தவர் எனக்குப் பழைய வாடிக்கை. போனில் பதறினார். “அண்ணா, முள்ளு சிவப்புக்குப் போயிடுச்சுண்ணா, வண்டி ஹீட் ஆவுது, இன்னா பண்றது?”

நான் கேட்டது ஒரே கேள்வி. வழியில் இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் எப்படி இருந்தது? யோசித்துச் சொன்னார். ஹைவேயில் ஒழுங்காகப் பாதியில் நின்றது. பள்ளிகொண்டா டோலில் வரிசையில் நின்றபோது கொஞ்சம் ஏறியது. கிளம்பியதும் இறங்கிவிட்டது. இப்போது சிக்னலில் நின்ற பிறகு இறங்கவே இல்லை.

அப்போதே தெரிந்துவிட்டது, ரேடியேட்டர் ஃபேன் சுற்றவில்லை. வண்டி ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கும், ஃபேனுக்கு வேலை இல்லை. நின்றால் காற்று நிற்கிறது, அப்போது ஃபேன்தான் இழுக்க வேண்டும். நின்றால் ஏறி, ஓடினால் இறங்குகிறதென்றால் முதல் சந்தேகம் ஃபேன் மேல். ஓட ஓட ஏறுகிறதென்றால் கதை வேறு. தண்ணீர் குறைந்திருக்கலாம், ரேடியேட்டர் அடைத்திருக்கலாம், தெர்மோஸ்டாட் திறக்காமல் இருக்கலாம், வாட்டர் பம்ப் போயிருக்கலாம். அப்படி வரும் வண்டியை நான் மெக்கானிக்கிடம் அனுப்பிவிடுவேன்.

பழைய அம்பாசடரில் இந்தத் தொல்லை இல்லை. அதில் ஃபேன் வாட்டர் பம்போடு சேர்ந்து பெல்ட்டில் ஓடும். இன்ஜின் ஓடினால் ஃபேனும் ஓடும், அவ்வளவுதான். 1983இல் மாருதி 800 வந்தபோது இன்ஜினைக் குறுக்கே திருப்பி வைத்தார்கள். ரேடியேட்டருக்கும் பெல்ட்டுக்கும் தொடர்பு விட்டுப்போயிற்று. ஃபேனுக்குத் தனி மோட்டார், அதற்கு ஃப்யூஸ், கரண்டைத் திறந்துவிடும் சுவிட்சாக ஒரு ரிலே, சூட்டைப் பார்த்துச் சொல்ல ஒரு சென்சார் என்று ஒரு குடும்பமே வந்து சேர்ந்தது. என் பிழைப்பும் அதில்தான் ஓடுகிறது.

நம் ஊர் வெயிலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வேலூரில் 106 டிகிரி என்று செய்தியில் சொல்வது ஃபாரன்ஹீட் கணக்கு, செல்சியஸில் 41. இன்ஜினுக்குள் சுற்றும் கூலன்ட் 90 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். மார்கழியில் வெளியே 25 என்றால் வித்தியாசம் 65. கத்திரியில் 49தான். சூட்டை வெளியே தள்ளுவது இந்த வித்தியாசம்தான். அதனால்தான் அரைகுறையாகச் சுற்றும் ஃபேன் மார்கழியில் தப்பித்துக்கொள்கிறது, மே மாதத்தில் மாட்டிக்கொள்கிறது. வண்டி திடீரென்று கெட்டுவிட்டது என்பார்கள். கெட்டு ஆறு மாதம் ஆகியிருக்கும்.

சரி, கிரீன் சர்க்கிளுக்கு வருவோம். ஏசியை நிறுத்தச் சொன்னேன். ஹீட்டரை முழுசாகத் திருப்பி, அதன் காற்றையும் அதிகம் வைக்கச் சொன்னேன். “இந்த வெயில்லயா?” என்றார். ஹீட்டருக்குள்ளும் ஒரு குட்டி ரேடியேட்டர் இருக்கிறது. இன்ஜின் சூட்டில் கொஞ்சத்தை அது வண்டிக்குள் கொட்டும். உள்ளே இருப்பவர்களுக்கு நரகம், இன்ஜினுக்குப் புண்ணியம். ஓரத்துக்கு ஒதுங்கும் அந்த இரண்டு நிமிஷத்துக்குத்தான் இந்த வைத்தியம். ஒதுங்கியதும் இன்ஜினை நிறுத்தி, பானெட்டைத் திறந்துவிட்டு, எல்லோரும் நிழலில் போய் நிற்க வேண்டும். அப்படியே ஓட்டிப் போய்விடலாம் என்று நினைத்தவர்கள் அலுமினிய ஹெட் வளைந்து, கேஸ்கெட் போய், லேத் பட்டறையில் செலவழித்ததை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ரேடியேட்டர் மூடியை மட்டும் தொடாதீர்கள் என்று மூன்று தடவை சொன்னேன். அதுவும் பிரஷர் குக்கரும் ஒன்று. உள்ளே அழுத்தம் இருப்பதால் 100 டிகிரி தாண்டியும் கொதிக்காமல் அடங்கியிருக்கும். மூடியைத் திருகிய நொடியில் மொத்தமும் கொதித்து முகத்தில் அடிக்கும். மேல் ஹோஸைத் தொட்டால் கை தாங்க வேண்டும், அதுவரை திறக்கக் கூடாது. சூடான இன்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றுவதும் கூடாது. இன்னொன்று, பல வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் ஃபேன் தானாகச் சுற்ற ஆரம்பிக்கும். என் இடது கை நடுவிரல் நகம் கோணலாக இருப்பதற்கு அதுதான் காரணம்.

அப்புறம் பையை எடுத்துக்கொண்டு போனேன். இன்ஜின் ஆறியிருந்தது. ஸ்டார்ட் செய்து ஏசியைப் போடச் சொன்னேன். பெரும்பாலான கார்களில் ஏசி போட்டால் ஃபேனும் ஓட வேண்டும். ஓடவில்லை. ஃப்யூஸ் நன்றாக இருந்தது. அந்த வண்டியில் ஹார்ன் ரிலேவும் ஃபேன் ரிலேவும் ஒரே நம்பர், மாற்றிப் போட்டுப் பார்த்தேன். ஹார்ன் அடித்தது, ஃபேன் அசையவில்லை. ரிலேயும் குற்றவாளி இல்லை.

இந்த இடத்தில்தான் பாதி கடைகளில் “மோட்டார் போயிடுச்சு சார்” என்று சொல்லிவிடுவார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். கடை வைத்த புதிதில் ஒருவருக்குப் புது மோட்டார் போட்டுக் காசு வாங்கினேன். அன்றைக்கு ஓடியது. மூன்றாவது வாரம் அதே நிலையில் திரும்பி வந்தார். பார்த்தால் எர்த் வயர், அதாவது கரண்ட் வண்டியின் தகரம் வழியாக பேட்டரி மைனஸுக்குத் திரும்பிப் போகும் வயர், பிடிப்பு விட்டிருந்தது. மோட்டார் மாற்றும்போது வயர் ஆடியதில் தற்காலிகமாகப் பிடித்திருக்கிறது. அவர் என்னைத் திட்டவில்லை, அதுதான் ரொம்பச் சுட்டது. பழைய மோட்டாரைக் குப்பையிலிருந்து எடுத்து பேட்டரியில் கொடுத்தால் ஜம்மென்று சுற்றியது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

அதிலிருந்து ஃபேனின் பிளக்கைக் கழற்றி, தடித்த வயரில் ஃப்யூஸ் போட்டு, பேட்டரியிலிருந்து நேராகக் கொடுத்துப் பார்க்காமல் மோட்டாரைக் குறை சொல்வதில்லை. ஆம்பூர் வண்டியிலும் கொடுத்தேன், சுற்றியது. ஆக மோட்டார் நல்லது. அப்புறம் வண்டி வயரிங்கின் பிளக்கில் கரண்ட் பார்த்தேன். இங்கே ஒரு தொழில் ரகசியம். சின்ன எல்.இ.டி. டெஸ்டர் பொய் சொல்லும். அதற்குத் துளி கரண்ட் போதும், வயரில் ஒரு நூல் இழை மிச்சம் இருந்தாலும் எரியும். ஃபேனுக்கோ பத்து ஆம்பியருக்கு மேல் வேண்டும். அதனால் பழைய ஹெட்லைட் பல்பில் இரண்டு வயர் பற்றவைத்து வைத்திருக்கிறேன், 55 வாட்ஸ். ஒரு முனையைப் பிளக்கின் பிளஸ் வயரிலும் மறு முனையை பேட்டரி மைனஸிலும் வைத்தேன், பளிச்சென்று எரிந்தது. மறு முனையைப் பிளக்கின் கறுப்பு வயருக்கு, அதாவது எர்த்துக்கு, மாற்றினேன். பீடி நெருப்பு மாதிரி மினுங்கியது. கரண்ட் ஒழுங்காக வருகிறது, திரும்பிப் போகும் வழிதான் கெட்டிருக்கிறது.

கறுப்பு வயரைத் தடவிக்கொண்டே போனால் ஹெட்லைட்டுக்குக் கீழே ஒரு போல்ட்டில் முடிந்தது. போல்ட்டைச் சுற்றிப் பச்சைக் களிம்பு. கழற்றி, உப்புத்தாளால் தகரம் பளபளக்கும்வரை தேய்த்து, முனையையும் தேய்த்து இறுக்கினேன். ஃபேன் சுற்றியது. செலவு ஒரு துண்டு உப்புத்தாள்.

எல்லா வண்டிக்கும் இவ்வளவு சுலபமாக முடியாது. கார்பன் பிரஷ் தேய்ந்த மோட்டாரும் வரும். குச்சியால் லேசாகத் தட்டினால் ஓடும். அதை நம்பி ஏலகிரி ஏறாதீர்கள், பதினாலு கொண்டை ஊசி வளைவிலும் தட்டிக்கொண்டிருக்க முடியாது. மோட்டார் மாற்றியபோது பிளஸ் மைனஸை மாற்றிக் கொடுத்து, ஃபேன் தலைகீழாகச் சுற்றிய வண்டியும் வந்திருக்கிறது. ஃபேன் ஓடுகிறதே, ஏன் ஹீட் ஆகிறது என்று மூன்று கடை ஏறி இறங்கியிருந்தார் அந்த மனுஷன். ஒரு காகிதத்தை ரேடியேட்டருக்கு முன்னால் பிடித்தால் அது ஒட்டிக்கொள்ள வேண்டும், பறந்தால் தப்பு.

“டைரக்ட் பண்ணிடுங்க” என்று கேட்பவர்கள் நிறைய. ரிலே, சென்சார் எல்லாவற்றையும் விட்டுவிட்டு டேஷ்போர்டில் ஒரு சுவிட்ச். வழியில் மாட்டிக்கொண்டவர் வீடு போய்ச் சேர அது சரி. நிரந்தரமாக வேண்டாம். மெல்லிய வயரில் செய்தால் உருகும், சுவிட்ச் போட மறந்தால் இன்ஜின் போகும், அணைக்க மறந்தால் பேட்டரி போகும்.

தண்ணீரைப் பற்றிக் கேட்பீர்கள். தண்ணி இல்லாத ஆறு என்று நம் பாலாற்றைக் கேலி செய்வார்கள். இருக்கிற போர் தண்ணீரும் பல இடத்தில் உப்பு. அவசரத்துக்கு எதையும் ஊற்றலாம், பிறகு வடித்துவிட்டுக் கூலன்ட் போட்டுவிடுங்கள். குடத்துக்குள் படிகிற வெள்ளைப் படிவம் ரேடியேட்டருக்குள்ளும் படியும்.

ஆம்பூர்க்காரர் கிளம்பும்போது ரயிலுக்கு இருபத்தைந்து நிமிஷம் இருந்தது. விருதம்பட்டு தாண்டியதும் போன் செய்தார். முள் பாதியிலேயே நிற்கிறது, ஏசி போட்டும் ஏறவில்லை, ஆனால் உள்ளே யாராலும் உட்கார முடியவில்லை என்றார். ஏன் என்றேன். “நீங்க ஹீட்டரை அணைக்கச் சொல்லலியேண்ணா.”