கைதட்டல் இல்லாத மைதானம்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். லாக்ரோஸ் என்பது வலை கட்டிய மட்டையால் பந்தைப் பிடித்து எறிந்து கோல் போடும் ஆட்டம். அமெரிக்காவில் பெண்களின் தொழில்முறை லாக்ரோஸ் லீக் 2020இல் மூடப்பட்டதற்குக் காரணம் ரசிகர்கள் வராததா, நடத்திய விதமா? இதுதான் தலைப்பு. எதிரணியில் பேசிய அம்மா, "பார்க்க ஆளில்லை, கடையைக் கட்டினார்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். நடத்திய விதம்தான் என்கிறோம் நாங்கள்.

ஆளில்லாத ஆட்டமா இது? பால்டிமோரில் ஒரு பெண்கள் பள்ளி 1926இலேயே அணி அமைத்தது. இன்று கல்லூரிப் போட்டிகளின் முதல் பிரிவில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் அணிகள். அவர்கள் மட்டையை ஒருமுறை கவனியுங்கள். ஆண்கள் மட்டையில் வலை பை மாதிரி தொங்கும், பந்து உள்ளே உட்கார்ந்துகொள்ளும். பெண்கள் வலைக்கு அந்த ஆழம் கிடையாது. தொட்டில் ஆட்டுவதுபோல் மணிக்கட்டை ஆட்டிக்கொண்டே ஓட வேண்டும்; கை அசந்தால் பந்து தரையில். சிறுவயது முதல் பழகிய அந்தக் கைக்கு, கல்லூரி முடிந்ததும் ஆட இடமில்லாமல் இருந்தது.

2016இல் யுனைடெட் விமன்ஸ் லாக்ரோஸ் லீக் வந்தது. நான்கு அணிகள். பந்து கிடைத்தால் 90 நொடிக்குள் கோலுக்கு அடிக்க வேண்டும், தூரத்திலிருந்து போட்டால் இரண்டு புள்ளி. நல்ல யோசனைகள்தான், மறுக்கவில்லை. ஆனால் அணிகள் ஒரே இடத்தில் கூடி ஆடும், அப்புறம் வேறு ஊருக்குப் போகும். பாஸ்டன், பிலடெல்பியா என்று பெயர் வைத்துவிட்டு ஊர் ஊராகச் சுற்றினால் எந்த ஊர்க்காரர் நம்ம அணி என்பார்?

அடுத்தது பிளவு. அந்த லீகின் ஆணையராக இருந்த மிஷெல் டிஜூலிஸ் வெளியேறி, 2018இல் ஐந்து அணிகளோடு விமன்ஸ் புரொபஷனல் லாக்ரோஸ் லீகைத் தொடங்கினார். இருந்ததே சின்ன சொத்து, அதிலும் பாகப்பிரிவினை! அந்தப் புது லீக் இரண்டு சீசன் ஆடியது. 2020 ஆகஸ்டில் மூடிவிட்டார்கள்.

"கொரோனா" என்பார்கள். சரி. ஆண்களின் பிரீமியர் லாக்ரோஸ் லீக் இதைவிட ஒரு வயது இளையது, 2019இல் பிறந்தது. அதே 2020 கோடையில் யூட்டா மாநிலத்தில், ஒரு பார்வையாளர்கூட இல்லாத மைதானத்தில், அது சுருக்கமான ஒரு தொடரை ஆடி முடித்தது. தொலைக்காட்சி ஒப்பந்தம் இருந்தது, முதலீட்டாளர்கள் இருந்தார்கள். காலி மைதானத்தில் ஒரு லீக் பிழைத்ததே, நடுவர் அவர்களே!

அதே ஆண்கள் லீக்தான் 2025இல் நான்கு அணிகளோடு பெண்கள் லீக் ஒன்றைத் தொடங்கியிருக்கிறது. ரசிகரே இல்லாத ஆட்டத்தில் அவர்கள் ஏன் பணம் போடுகிறார்கள்? எதிரணி பதில் சொல்லட்டும்.