"அப்பாவ ஏசிட்டேன், மனசு சரியில்ல": ஒரு அக்காவோட கேள்விக்குப் பதில்

எல்லாருக்கும் வணக்கம். இன்னைக்கு ஒரே ஒரு கேள்விதான் எடுக்கேன். கல்லிடைக்குறிச்சி பக்கத்துல இருந்து ஒரு அக்கா எழுதியிருக்காங்க, பேரு சொல்ல வேண்டாம்னு கேட்டிருக்காங்க. வாசிக்கேன்.

"எங்க அப்பாவுக்கு 74 வயசு. நடுக்குவாதம்னு சொல்லுத பார்க்கின்சன்ஸ் வந்து 7 வருஷம் ஆச்சு. அம்மா இல்ல, நான்தான் பாக்கேன். ராத்திரி நாலஞ்சு தடவ எழுப்புதாங்க. பட்டாசல்ல இருந்து ரெண்டாங்கட்டுக்குப் போற வாசப்படியில கால் ஒட்டிக்கிட்ட மாதிரி நின்னுருதாங்க. சில நேரம் தார்சாவுல சின்னப் பிள்ளைக உக்காந்திருக்குன்னு சொல்லுதாங்க. அண்ணன் சென்னையில இருக்கான். வந்தா, அப்பா நல்லாத்தான இருக்காங்கன்னு சொல்லிட்டுப் போயிருதான். போன செவ்வாக்கிழம அப்பாவ ரொம்ப ஏசிட்டேன். அதுல இருந்து மனசு சரியில்ல. அப்பாவுக்கு வேற என்ன சிகிச்ச இருக்கு?"

அக்கா, இவ்வளவும் எழுதிட்டு, கேள்வி மட்டும் அப்பாவப் பத்திக் கேட்டிருக்கீங்க பாருங்க. ராத்திரி நாலஞ்சு தடவ அவங்க முழிச்சா நீங்களும்தான முழிக்கீங்க? ஏசினதுக்குக் காரணம் பாசம் கொறஞ்சது இல்ல, உறக்கம் கொறஞ்சது. பிசியோதெரபிக்கு வீடு வீடாப் போறவ நான், இத எத்தனையோ வீட்ல பாத்திருக்கேன்.

முதல்ல அப்பா விஷயத்தச் சொல்லிருதேன்.

வாசப்படியில நின்னுருதது பிடிவாதம் இல்ல. பார்க்கின்சன்ஸ்ல மூளையில டோபமைன்னு ஒண்ணு கொறஞ்சு போகுது. நாம யோசிக்காம நடக்கோம்லா, அந்தத் தன்னால நடக்குத வேலதான் அடி வாங்குது. குறுகலான இடம், நிலைப்படி, திரும்புத இடம், இங்கெல்லாம் கால் ஒட்டிக்கிடும். அப்ப கையப் பிடிச்சு இழுக்காதீங்க. இழுத்தா கீழ விழுவாங்க, உங்க இடுப்பும் போயிரும். பக்கத்துல நின்னு, "நில்லுங்கப்பா, மூச்சு விடுங்க, இப்ப வலது கால் தூக்குங்க, ஒண்ணு, ரெண்டு"ன்னு எண்ணுங்க. இன்னொண்ணு சொல்லுதேன், இன்னைக்கே செஞ்சு பாருங்க. அந்தப் படிக்கு முன்னாடி தரையில, ஒரு காலடி தூரத்துக்கு ஒண்ணா, நாலஞ்சு கோடு குறுக்க போடுங்க. வெள்ள டேப் ஒட்டினா நல்லது. இல்லையா, சாக்பீஸ். வீரவநல்லூர்ல ஒரு வீட்ல அந்த மருமக கோலமாவால கோடு இழுத்து வச்சிருந்தா. பத்து நிமிஷமா அசையாம நின்ன மாமா, கோட்டத் தாண்டுத மாதிரி கால எடுத்து வச்சு நாலு எட்டுல உள்ள போயிட்டாரு. அந்தப் பிள்ள வாயப் பொத்திக்கிட்டு அழுதுட்டா. ஆனா மாவு வழுக்கும், அதனால டேப்புதான்.

மாத்திர நேரம். கொறஞ்ச டோபமைன ஈடுகட்டக் கொடுக்குத லெவோடோபா மாத்திரைய சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னாடி கொடுங்க. பருப்பு, முட்ட, பாலு இதோட சேந்து போச்சுன்னா மாத்திர உடம்புல சரியாச் சேராது. நம்ம ஊர்ல தேங்காப்பாலும் பாசிப்பருப்பும் போட்ட சொதிச் சாப்பாடு சாப்பிட்டுக் கையோட மாத்திரையப் போட்டுட்டு, மத்தியானம் பூரா எந்திரிக்க முடியலங்குவாங்க. சொதிய நிறுத்த வேண்டாம், நேரத்த மாத்துனா போதும். டாக்டர் சொல்லாம மாத்திரைய மட்டும் எந்தக் காரணத்துக்கும் திடீர்னு நிப்பாட்டக் கூடாது.

தார்சாவுல பிள்ளைக தெரியுதது நோயாலயும் வரலாம், மாத்திரையாலயும் வரலாம். அடுத்த தடவ வரைக்கும் காத்திருக்காம டாக்டர்ட்ட சொல்லுங்க. திடீர்னு கூடிப்போச்சுன்னா நீர்க்கடுப்பு, காய்ச்சல், தண்ணி சத்து கொறஞ்சது எதுவும் இருக்கான்னு பாக்கணும். வீட்ல, "அங்க யாரும் இல்ல"ன்னு வாதாட வேண்டாம். லைட்டப் போடுங்க, "நான் பாத்துக்கிடுதேன்ப்பா, நீங்க வாங்க"ன்னு கூட்டிட்டு வந்திருங்க. ஒரு அட்டையில பார்க்கின்சன்ஸ்னு எழுதி, சாப்பிடுத மாத்திர எல்லாம் எழுதி, மணிபர்ஸ்ல வைங்க. வாந்தின்னு போனா சாதாரணமாப் போடுத மெட்டோகுளோபிரமைடு ஊசி இவங்களுக்கு நோயக் கூட்டிரும். போற இடத்துல எல்லாம் அந்த அட்டைய நீட்டுங்க.

இப்ப அண்ணன் சொன்னதுக்கு வாரேன். அவங்க பொய் சொல்லல. மாத்திர வேலை செய்யுத நேரத்துல அப்பா காப்பி டம்ளரத் தானே தூக்குவாங்க. அது இறங்குன நேரத்துல புரண்டு படுக்க முடியாது. ரெண்டு நாள் வாரவங்க பகல் பதினோரு மணி அப்பாவப் பாக்காங்க, நீங்க ராத்திரி ரெண்டு மணி அப்பாவப் பாக்கீங்க. இத வாயால சொன்னா சண்டையாத்தான் முடியும். பங்குனி உத்திரத்துக்கு எல்லாரும் சாஸ்தா கோயிலுக்கு ஊருக்கு வருவீங்கல்லா? அப்ப ரெண்டு ராத்திரி அண்ணன் அப்பா பக்கத்துல பாய் விரிச்சுப் படுக்கட்டும். நீங்க மதினியோட மச்சுல போய் உறங்குங்க. குரல் கேட்டாலும் எந்திரிக்காதீங்க. அது வரைக்கும் ராத்திரி அப்பாவப் பாத்துக்கிட ஒரு ஆள் வைக்கதுக்கு உண்டான சம்பளத்த மாசா மாசம் அண்ணன்கிட்ட வாயத் திறந்து கேளுங்க. "ஏதாவது உதவி பண்ணு"ன்னு கேட்டா யாருக்கும் ஒண்ணும் புரியாது. கிழமையும் மணியும் சொல்லிக் கேக்கணும்.

இத நான் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டது இல்ல. எங்க ஆச்சிக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்து, சேரன்மகாதேவி வீட்ல 9 வருஷம் நார்க்கட்டில்ல இருந்தாங்க. எங்கம்மாதான் பாத்தா. வாரவங்க எல்லாம் ஹார்லிக்ஸும் ஆரஞ்சும் வாங்கிட்டு வந்து, ஆச்சி எப்படி இருக்காங்கன்னு கேப்பாங்க. அம்மாவ ஒருத்தரும் கேட்டதில்ல. அடுத்த வீட்டு அத்தை மட்டும் சாயங்காலம் நாலு மணி ஆனா டாண்ணு வந்து நிப்பா. "ஏட்டி, நீ போய் ஆத்துல ஒரு முங்கு போட்டுட்டு வா, நான் இருக்கேன்"னு சொல்லிட்டு, கட்டில் பக்கத்துல உக்காந்து பூக் கட்டுவா. அம்மா ஈரத் தலையோட திரும்பி வரும்போது வேற முகமா இருக்கும். எனக்கு அப்ப பத்து வயசு, இன்னைக்கும் அந்த முகம் கண்ணுக்குள்ள நிக்குது. 9 வருஷம் அம்மாவ நிமிந்து நிக்க வச்சது அந்த அரை மணி நேரம்தான்னு நான் நம்புதேன். அக்கா, உங்களுக்கு நாலு மணிக்கு வாரது யாரு? சித்தி மகனோ, பக்கத்து வீட்டுக்காரங்களோ, ஒருத்தரப் போய்க் கேளுங்க. கேக்கதுல ஒரு கூச்சமும் வேண்டாம்.

அரசாங்கத்துல கெடைக்குததையும் விடாதீங்க. மக்களைத் தேடி மருத்துவம்னு 2021-ல ஆரம்பிச்ச திட்டத்துல வீட்டுக்கே பிசியோதெரபிஸ்ட்டும், நோயாளியோட வலியையும் கஷ்டத்தையும் கொறைக்குத நோய்த் தணிப்பு நர்ஸும் வருவாங்க. ஆரம்ப சுகாதார நிலையத்துலயோ கிராம செவிலியர்ட்டயோ பேரு கொடுங்க. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல சொல்லியிருக்க 21 வகை மாற்றுத்திறன்ல பார்க்கின்சன்ஸும் ஒண்ணு, இது நிறைய பேருக்குத் தெரியாது. அப்பாவுக்கு அடையாள அட்டை எடுங்க. மாசம் 2,000 ரூபா பராமரிப்பு உதவித்தொகைக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல மனு கொடுங்க. அலைய முடியலன்னா திங்கக்கிழம திருநெல்வேலி கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாள்ல கொடுத்திருங்க. இந்த அலைச்சல அண்ணன் லீவுல வரும்போது அவங்க தலையில கட்டுங்க.

இன்னொண்ணு, இது மனசுல வையுங்க. இந்த நோயில முகத்துச் சதை இறுகிப் போயிரும், சிரிப்பு வராது, குரலும் உள்ள போயிரும். அப்பா உங்களப் பாத்து முகம் மலராம இருக்கது உங்க மேல உள்ள கோவம் இல்ல. செவ்வாக்கிழம ஏசினதுக்கு வருத்தமா இருந்தா, மாத்திர நல்லா வேலை செய்யுத நேரமாப் பாத்து, பக்கத்துல உக்காந்து, "உறக்கம் இல்லாம ஏசிட்டேன்ப்பா"ன்னு சொல்லிருங்க. பதில் சொல்ல நேரம் ஆகும், பொறுமையா இருங்க. ராத்திரி மனசு ரொம்ப அடைச்சா 14416-க்குப் போன் போடுங்க. டெலி மானஸ்னு பேரு, அரசாங்கத்தோட மனநல உதவி எண், காசு கிடையாது, 24 மணி நேரமும் தமிழ்ல பேசுவாங்க. நோயாளி இருந்தாத்தான் கூப்பிடணும்னு இல்ல, பாக்குதவங்களும் கூப்பிடலாம்.

டேப் ஒட்டிப் பாத்துட்டு எழுதுங்க அக்கா. நாலு மணிக்கு யாரு வந்தாங்கன்னும் சேத்து எழுதுங்க.